உப்பு வயலில் நெற்பயிர்: காவிரிப் படுகையில் சவ்வூடுபரவல்

கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு, மெல்லிய சவ்வின் வழியே நீர் நகர்வதே சவ்வூடுபரவல். உப்பில் போட்ட வடுமாங்காய் நீர் விட்டுச் சுருங்குவது இதனால்தான். காவிரிக் கடைமடையில் இது விளைச்சலையே தீர்மானிக்கிறது.

1748இல் பிரெஞ்சு இயற்பியலர் நொல்லே, பன்றியின் சிறுநீர்ப்பையில் மதுசாரத்தை நிரப்பி நீரில் அமிழ்த்தினார், பை உப்பியது. செடியின் செல்லுக்குள் நடப்பதை 1870களில் விரிவாக ஆராய்ந்தவர் டச்சுத் தாவரவியலர் ஹியூகோ டி விரிஸ். அடர்ந்த உப்புக் கரைசலில் செல் நீரை இழக்கிறது. உள்ளிருக்கும் புரோட்டோபிளாசம் செல்சுவரை விட்டு விலகிச் சுருங்குகிறது. நல்ல நீரிலோ நீர் உள்ளே புகுந்து செல் விறைக்கிறது. உறுதியான சுவர் அதை வெடிக்க விடுவதில்லை. இரு பக்கமும் செறிவு சமமானால் செல் தளர்ந்து கிடக்கும். நெல்லின் இலை நிமிர்ந்து நிற்பது அந்த விறைப்பால்தான்.

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினத்தின் கரையோர வயல்களுக்குள் ஆழிப்பேரலை புகுந்தது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. வேரைச் சுற்றி நீர் தேங்கி நின்றும் பயிர் தாகத்தில் வாடியது என்பதுதான் இந்த நிகழ்வின் கொடுமை: செறிந்த உப்பு, வேர்ச்செல்லை நீர் உறிஞ்ச விடவில்லை. உள்ளே நுழைந்த சோடியம் நஞ்சாகவும் ஆனது. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே நெல் மகசூல் இறங்கத் தொடங்கும். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் இன்னும் மென்மையானவை.

மீட்சிக்கு வழி நல்ல நீர். மழைநீரைத் தேக்கி வடித்து உப்பை அலச வேண்டும். களிமண்ணில் ஒட்டிய சோடியத்தை ஜிப்சத்தின் கால்சியம் பெயர்த்துவிடும். தக்கைப்பூண்டை மடக்கி உழுதால் மண் பொலபொலக்கும். குழியடிச்சான், களர்ப்பாளை போன்ற பழைய ரகங்கள் உப்பைத் தாங்குபவை. உழவர்கள் தலைமுறைகளாகத் தேர்ந்து காத்த இந்த விதைகளுக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை. களர்நிலத்துக்கென வந்த திருச்சி 1 நெல் ரகமோ அரசு வெளியீடு.

முத்துப்பேட்டையின் அலையாத்தி மரங்களோ செல்சாற்றின் செறிவைக் கடல்நீரைவிட உயர்த்தி வைத்து நீரை உறிஞ்சுகின்றன. மிகும் உப்பை இலைவழி வெளியேற்றுகின்றன. நெல்லுக்கு அந்தத் திறன் கிடையாது. எனவே கடைமடைக்கு விடும் காவிரி நீரைக் கணக்கிடுவோர், பயிர் குடிக்கும் அளவோடு உப்பை அலசும் அளவையும் சேர்த்தாக வேண்டும்.