பெயர் நிலைத்தது, பொருள் மாறியது: 'போனெ' என்னும் ஜேர்மன் சொல்

ஒரு சொல் நெடுங்காலமாக வழங்கிவருமாயின், அது இன்று குறிக்கும் பொருளும் அத்துணைத் தொன்மையுடையதே எனக் கொள்ளுதல் வரலாற்றாய்வில் எளிதில் நேரக்கூடிய வழுவாகும். அவரையினத்தைச் சுட்டும் 'போனெ' என்னும் ஜேர்மன் சொல் இதற்குத் தக்கதொரு சான்று.

பழைய உயர் ஜேர்மன் மொழியில் இச்சொல் 'போனா' என வழங்கிற்று. ஆங்கிலத்தின் 'பீன்', ஒல்லாந்த மொழியின் 'போன்' என்பன இதன் இனச்சொற்களாம். இவற்றை ஒப்புநோக்கிய மொழியியலாளர், 'பௌனோ' என்னும் மூலவடிவத்தை மீட்டமைத்துள்ளனர். இலத்தீன் மொழியின் 'ஃபாபா'வும் இதனோடு உறவுடையது என்பார் உளரேனும், அக்கருத்து ஐயந்திரிபற நிறுவப்படவில்லை.

இடைக்கால ஜேர்மானியர் 'போனா' என்றது இன்று கறிக்கு நறுக்கப்படும் மெல்லிய பச்சைக்காயை அன்று. தாவரவியலார் 'விசியா ஃபாபா' எனப் பெயரிட்ட, பருத்த விதையுடைய பழைய உலகத்து அவரையையே அச்சொல் குறித்தது. அதன் உலர்ந்த விதை உழவர்க்கு உணவாகவும் கால்நடைகளுக்குத் தீனியாகவும் பயன்பட்டது.

இன்றைய பச்சைக்காயின் தாயகம் அமெரிக்கா. 1492இல் கொலம்பஸ் மேற்கொண்ட பயணத்தின் பின்னரே அது ஐரோப்பாவை அடைந்தது. 1543இல் வெளிவந்த தமது ஜேர்மன் மூலிகை நூலில் லெயோன்ஹார்ட் ஃபூக்ஸ் இதனை 'வெல்ஷ் போனென்' எனக் குறித்தார். 'வெல்ஷ்' என்பது இத்தாலியர், பிரான்சியர் முதலிய அயலாரைச் சுட்டும் அடைமொழியாகும். காலப்போக்கில் புதிய பயிர் பரவ, அந்த அடைமொழி உதிர்ந்தது. 'போனெ' என்னும் பொதுப்பெயர் வந்தேறிய பயிருக்கே உரியதாயிற்று. பழைய அவரையோ இன்று 'வயலவரை', 'பன்றியவரை' எனப் பொருள்தரும் அடைமொழிப் பெயர்களாலேயே இனங்காணப்படுகின்றது.

ஒஸ்திரியாவில் வழங்கும் 'ஃபிசோலெ' என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. கிரேக்கத்திற் பிறந்து இலத்தீன் வழியாக வந்த இப்பெயரின் ஒரு வடிவம், ஏறத்தாழ கி.பி. 800இல் எழுந்த பிராங்கிய அரச பண்ணைகளுக்கான கட்டளையில் இடம்பெறுகின்றது. அமெரிக்கப் பயிர் அறியப்படாத அக்காலத்தில், அது நமது பயிற்றங்காயின் இனத்தையே குறித்திருத்தல் வேண்டும். 1753இல் லின்னேயஸ் அமெரிக்கப் பயிருக்கு 'ஃபசியோலஸ் வல்காரிஸ்' எனப் பெயரிட்டபோது, இப்பழம்பெயரும் இடம்பெயர்ந்தது. 1995இல் ஒஸ்திரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தவேளை, பேணப்படவேண்டிய 23 ஒஸ்திரிய உணவுச் சொற்களுள் ஒன்றாக 'ஃபிசோலென்' உடன்படிக்கையிலே பதிவுசெய்யப்பட்டமை குறிப்பிடத்தக்கது. அந்நாட்டார் தம் தனித்துவத்தின் அடையாளமாகக் கொண்ட அச்சொல்லும் அயல்மொழி தந்த கொடையே.

இச்சொற்குடும்பத்தின் ஒரு கிளை ஈழத்தையும் எட்டியுள்ளது. 'போன்' என்பதன் குறுமை வடிவமான 'போன்ச்சே' என்னும் ஒல்லாந்தச் சொல்லே சிங்களத்திலும் ஈழத்தமிழிலும் 'போஞ்சி' என நிலைபெற்றது. 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கிய பின்னரும் அவர்தம் சொல் நம் அடுக்களையை விட்டு நீங்கவில்லை.

எனவே, பழைய ஆவணமொன்றில் 'போனா' எனக் காண்பவர் இன்றைய போஞ்சியை அங்கு கற்பனை செய்தல் பொருந்தாது. சொல் வரலாற்றுக்குச் சான்றாகும். ஆயின், அது எக்காலத்தில் எதனைக் குறித்தது என ஆராய்ந்த பின்னரே அச்சான்று ஏற்கத்தக்கது.