அடைப்பத்துக்குள் கிடந்த நகக்கத்தி



போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் மணப்பெண்ணை, அதாவது என் தங்கையின் பேத்தியை, ஓர் அழகு நிலையத்துக்கு அழைத்துப்போய்க் கைகால் நகமெல்லாம் சீர் செய்து வந்தார்கள். தாலி கட்டுவதற்கு முதல் நாள் இரவு அவள் கட்டைவிரல் எலுமிச்சம்பழத்துக்குள் இருந்தது. நகச்சுத்து! மறுநாள் புகைப்படக்காரர் அந்த விரலைப் பூச்செண்டுக்குப் பின்னால் மறைத்துச் சமாளித்தார். மாத்திரை சாப்பிட்டுச் சரியாகிவிட்டது. ஆனால் வரலாற்று வாத்தியார் முன்னால் இப்படி ஒரு விரலை நீட்டினால் அவன் சும்மா இருப்பானா?

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். நம் அபிராமத்தில் அப்போது நகம் வெட்டிக்கொள்வது என்றால் வேப்பமரத்தடிதான். மருத்துவர் வருவார். முடிதிருத்துபவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், அது வெறும் மரியாதைச் சொல் இல்லை. சிரங்கைக் கீறிவிடுவதும் கட்டி உடைப்பதும் அவர்தான். அவர் கொண்டுவரும் தோல்பைக்கு அடைப்பம் என்று பெயர். அதற்குள் சவரக்கத்தி, கத்தரி, சாணைக்கல், தோல்வார், தண்ணீர்க் கிண்ணம், ஒரு துண்டுப் படிகாரம், கடைசியில் ஒரு சின்ன நகக்கத்தி. கூலி கையில் இல்லை, அறுவடை முடிந்து களத்தில் நெல்லாகக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை இந்து வீடுகளில் நகம் வெட்டமாட்டார்கள். முஸ்லிம் வீடுகளில் ஜும்மாவுக்கு முன்னால் வெட்டிக்கொள்வது விசேஷம். ஆக எல்லா நாளும் நகக்கத்திக்கு வேலை இருந்தது.

அந்தக் கத்தி ஒருவர் விரலிலிருந்து அடுத்தவர் விரலுக்குப் போகும். நடுவில் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு முக்கு, துண்டில் ஒரு துடைப்பு. அவ்வளவுதான் சுத்தம். யாரும் அதைக் குறை என்று நினைக்கவில்லை. ரத்தம் வந்தால் படிகாரம். படிகாரம் ரத்தத்தை நிறுத்தும், கிருமியை நம்பிக்கையாகக் கொல்லாது.

அந்த வீட்டு அம்மாதான் ஊருக்கு மருத்துவச்சி. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலிலும் இது பதிவாகியிருக்கிறது: ஆண்கள் சவரமும் வைத்தியமும், பெண்கள் பிரசவம். நானும் என் தங்கையும் அந்த அம்மாள் கையில் பிறந்தவர்கள்தான். எங்களுக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்தான். எட்டாம் நாள் போய்விட்டான். பால் குடிக்க வாய் திறக்க முடியவில்லை, தொட்டாலே உடம்பு வில்லாக விறைத்தது என்று அம்மா சொல்வார்கள். காற்று சேஷ்டை என்றார்கள், தோஷம் என்றார்கள். இரண்டு பேர் மருத்துவச்சியின் மேலும் பழி போட்டார்கள். அம்மா அதை ஒருநாளும் ஏற்கவில்லை. அடுத்த பிரசவத்துக்கும் அவரையேதான் கூப்பிட்டார்கள். நான் பிறந்தது அப்படித்தான்.

அது ரண ஜன்னி என்று நான் புரிந்துகொண்டது ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகு. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது. 1884-இல் ஜெர்மனியில் நிக்கோலயர் அதை மண்ணிலிருந்து கண்டுபிடித்தார். 1889-இல் ஜப்பானியரான கிட்டசாட்டோ தனியாகப் பிரித்துக் காட்டினார். வித்து வடிவத்தில் கிடக்கும்போது சாதாரணக் கொதிநீரையும் தாங்கும் முரட்டுக் கிருமி. தொப்புள்கொடியை அறுத்த கத்தியில் இருந்ததா, அறுத்த இடத்தில் வைத்த சாம்பலில் இருந்ததா, இனி யாரும் சொல்ல முடியாது.

மருத்துவச்சியைத் திட்டியவர்களுக்காக ஒரு செய்தி. 1847-இல் வியன்னாவின் பெரிய ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வருவதால்தான் தாய்மார்கள் காய்ச்சலில் சாகிறார்கள் என்று கண்டுபிடித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் சொன்னார். சாவு மளமளவென்று குறைந்தது. ஆனாலும் பெரிய பேராசிரியர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் 1865-இல் மனநல விடுதியில் செத்தார். ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா என்று ஒரு குட்டித்தீவு. அங்கேயும் பிறந்த குழந்தைகள் எட்டாம் நாள் வாக்கில் விறைத்துச் செத்துக்கொண்டே இருந்தன. தெய்வ சித்தம் என்று விட்டுவிட்டார்கள். ஒரு பாதிரியார் நகரத்துக்குப் போய்ப் பிரசவச் சுத்தத்தைக் கற்றுவந்த பிறகு, 1890-களின் தொடக்கத்தில் அந்தச் சாவு நின்றது. வியன்னாப் பேராசிரியருக்கே புரியாதது, யாரும் சொல்லித்தராத நம் ஊர் அம்மாளுக்கு எப்படிப் புரியும்? பழி போட வந்தவர்கள், சொல்லிக்கொடுக்க வரவில்லை.

கத்தியை நெருப்பில் காட்டுவது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. சுசுருத சம்ஹிதை சில அறுவைகளுக்குக் கருவியை நெருப்பில் காய்ச்சச் சொல்கிறது. வைத்தியன் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. புத்தரின் வினய விதிகளில் பிக்குகள் நகவெட்டி வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அந்த விதிகளை முதல் சங்கத்தில் எடுத்துச் சொன்ன உபாலி, துறவுக்கு முன் நாவிதர். ஏட்டில் இருந்தது அடைப்பத்துக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பிரசவத்தில் அது ஒருவழியாக வந்து சேர்ந்தது. கர்ப்பிணிக்கு டி.டி. ஊசி, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி. சுத்தமான கை, சுத்தமான இடம், புது பிளேடு, சுத்தமான நூல், எதுவும் தடவாத தொப்புள் என்று ஐந்து சுத்தம் சொல்லிக்கொடுத்தார்கள். 2015-இல், பிறந்த குழந்தைகளின் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது அம்மா இல்லை.

சவரக்கத்திக்கும் விடிவு வந்தது, ஆனால் பயத்தால். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எய்ட்ஸ் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிந்திய வருஷங்களில்தான், நாற்காலியில் உட்கார்ந்ததும் "புது பிளேடு போடுப்பா" என்று சொல்லும் பழக்கம் ஊரெங்கும் வந்தது. அதற்கு முன்னால் ஒரே கத்தி காலை முழுக்க ஓடும். இன்று பிளேடு உறையைப் பிரிக்கும் சத்தம் கேட்காமல் யாரும் கன்னத்தைக் காட்டுவதில்லை.

நகவெட்டியை மட்டும் இன்றும் யாரும் கேட்பதில்லை. அதை மாற்றவும் முடியாது, அது பிளேடு இல்லையே. மஞ்சள் காமாலை பி வகை வைரஸ், காய்ந்துபோன ரத்தத்துளியிலும் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். நகப் பூஞ்சையைச் சொல்லவே வேண்டாம். 2000-இல் கலிபோர்னியாவில் ஒரே அழகு நிலையத்தின் கால் ஊறவைக்கும் தொட்டியிலிருந்து நூறு பேருக்கு மேல் காலில் புண் வந்தது. தொட்டியின் வடிகட்டிக்குள் முடியும் அழுக்கும் அடைந்து கிடந்ததாம். பளபளப்பான கடைதான்.

நம் பேத்தி போன இடத்திலும் நீல விளக்கு எரியும் பெட்டி ஒன்றில் கருவிகளை வைத்திருந்தார்களாம். அந்த ஒளி படும் பக்கத்தை மட்டும்தான் தொடும். இடுக்கிலும் அழுக்குக்கு அடியிலும் போகாது. முதலில் சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எந்த மருந்தும். வீட்டுக்கு என்றால் தேய்த்துக் கழுவி, இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாகக் காயவைத்தால் போதும். கடைக்காரர்களுக்கு நீராவி அழுத்தம்தான் சரி. பாஸ்டரின் சகாவான ஷாம்பர்லாந்து 1879-இல் செய்த ஆட்டோகிளேவ், நம் அடுப்படிக் குக்கருக்குச் சொந்தக்காரன்: 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி, குறைந்தது 15 நிமிடம். ரண ஜன்னி வித்தும் அதற்குத் தப்பாது. நகம் தேய்க்கும் உப்புத்தாள் குச்சியை எதுவும் சுத்தம் செய்யாது. ஒருவருக்கு ஒன்று, பிறகு குப்பை. சர்க்கரை உள்ள பெரியவர்கள் கால்விரலை யாரிடமும் நீட்டாதீர்கள். உணர்ச்சி குறைந்த காலில் காயம் பட்டாலும் தெரியாது.

என் பழைய மாணவன் ஒருவன் சலூன் வைத்திருக்கிறான். அந்த மருத்துவச்சி அம்மாளின் பேரன்தான். போன வாரம் முடிவெட்டப் போனபோது இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். கத்தரியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தான். "சார், பிளேடு கேக்குறாங்க, துண்டு கேக்குறாங்க. நகவெட்டியப் பத்தி முப்பது வருஷத்துல நீங்கதான் மொத ஆளு" என்றான். நேற்று போன் செய்தான். மூன்று நகவெட்டி புதிதாக வாங்கி, பழைய குக்கர் ஒன்றைக் கடைக்கு எடுத்து வந்துவிட்டானாம். எத்தனை விசில் விட வேண்டும் என்று கேட்டான். விசிலை எண்ணாதே, கடிகாரத்தைப் பார் என்றேன்.

தாத்தாவின் அடைப்பம் பரணில் இருக்கும், தேடி எடுக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறான். கிடைத்தால் படம் போடுகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஏதாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.