இரண்டு மாத்திரைகளின் வரலாறு

குடல் அழற்சி நோயின் வரலாறு ஒரு கொலை வழக்கில் தொடங்குகிறது. 1859 மே மாதம் லண்டனை அடுத்த ரிச்மண்டில் இசபெல்லா பேங்க்ஸ் என்ற 42 வயதுப் பெண் வாந்தியும் பேதியுமாகக் கிடந்து இறந்துபோனார். உடன் இருந்தவர் தாமஸ் ஸ்மெத்தர்ஸ்ட் என்ற மருத்துவர். ஏற்கெனவே மனைவி உள்ளவர், அப்படியிருந்தும் இசபெல்லாவைத் தேவாலயத்தில் மணந்திருந்தார். சாவதற்குச் சில நாள் முன்புதான் இசபெல்லாவின் சொத்து அவர் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. நஞ்சு வைத்துக் கொன்றார் என்று வழக்கு நடந்து, தூக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது.

ஆனால் ஆர்சனிக் இருந்ததாகச் சொன்ன நிபுணர் ஆல்ஃபிரட் ஸ்வெயின் டெய்லர், தான் சோதனைக்குப் பயன்படுத்திய செம்பிலேயே ஆர்சனிக் கலந்திருந்தது என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஸ்மெத்தர்ஸ்ட் தூக்கிலிருந்து தப்பினார். இருதார மணத்துக்காக ஓராண்டு சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் உயிலை நிரூபித்துச் சொத்தையும் வாங்கிக்கொண்டார்.

இந்த வழக்கில் இசபெல்லாவின் குடலைப் பார்த்துக் கருத்துச் சொன்னவர்களில் ஒருவர் சாமுவேல் வில்க்ஸ். அது நஞ்சின் வேலை அல்ல, குடலின் உட்புறம் முழுக்கப் புண்ணாகி அழன்றிருக்கிறது என்று அவர் அதே ஆண்டு ஒரு மருத்துவ இதழுக்கு எழுதினார். 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்ற பெயருக்கு மருத்துவ வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்தக் கடிதத்தைத்தான் முதல் சான்றாகக் காட்டுகின்றன. வில்க்ஸின் வர்ணனையைப் பின்னாளில் படித்தவர்கள் சிலர், அது கிரோன் நோயாக இருந்திருக்கும் என்றார்கள். எப்படியானாலும் அந்த அறிவு ஒரு பெண்ணின் அறுக்கப்பட்ட உடலிலிருந்து வந்தது. பிரேதப் பரிசோதனையில் அவர் கருவுற்றிருந்ததும் தெரியவந்தது. டெய்லரின் செம்பைப் பற்றியும் ஸ்மெத்தர்ஸ்டின் உயிலைப் பற்றியும் பக்கம் பக்கமாக இருக்கிறது. தன் வயிற்று வலியைப் பற்றி இசபெல்லா என்ன சொன்னார் என்பதற்குத்தான் இடமில்லை.

நான் மதுரையில் கல்லூரி ஒன்றில் வரலாறு சொல்லித்தருகிறேன். பத்தாண்டுகளுக்கும் மேலாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸோடு வாழ்கிறேன். தினமும் இரண்டு விதமான மாத்திரை போடுகிறேன். ஒன்று சல்ஃபாசலசின். மற்றொன்று ஃபோலிக் அமிலம். முதல் மாத்திரை, உணவில் உள்ள ஃபோலிக் அமிலத்தைக் குடல் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. அதை ஈடுகட்ட இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தேடிப் போனபோது இரண்டு பெண் ஆய்வாளர்களைக் கண்டேன். அவர்களைத் தாண்டியும் தேட வேண்டியிருந்தது.

சல்ஃபாசலசினைத் தந்தவர் நன்னா ஸ்வார்ட்ஸ். ஸ்வீடனில் 1890-இல் பிறந்தவர். அந்த நாட்டில் பெண்கள் அரசின் உயர்பதவிகளில் அமரலாம் என்று சட்டம் இயற்றப்பட்டதே 1923-இல்தான். 1937-இல் அவர் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் மருத்துவப் பேராசிரியரானார். ஸ்வீடனின் அரசுப் பல்கலைக்கழகம் எதிலும் அதற்கு முன் ஒரு பெண் அந்த நாற்காலியில் அமர்ந்ததில்லை. அவருடைய முனைவர் பட்ட ஆய்வே குடலில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றியதுதான்.

மூட்டுவாதம் கிருமியால் வருகிறது என்று அன்று பலரும் நினைத்தார்கள். அழற்சியைத் தணிக்கும் சாலிசிலேட்டையும் கிருமியைக் கொல்லும் சல்ஃபா மருந்தையும் ஒரே மூலக்கூறாகப் பிணைத்தால் என்ன என்று ஸ்வார்ட்ஸ் யோசித்தார். ஃபார்மாசியா நிறுவனத்தின் வேதியியலாளர்களோடு சேர்ந்து அதைச் செய்தார். மூட்டுக்காகச் செய்த மருந்து குடல் புண் நோயாளிகளுக்கும் குணம் தந்தது. 1942-இல் அதைப் பற்றி எழுதினார். 1948-இல் 124 கொலைட்டிஸ் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார்.

அந்த மருந்து வேலை செய்யும் விதம் அழகானது. விழுங்கிய மாத்திரையின் பெரும்பகுதி உடையாமலே சிறுகுடலைக் கடந்துவிடுகிறது. பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை உடைக்கின்றன. புண் எங்கே இருக்கிறதோ அங்கேயே மருந்து விடுபடுகிறது. இரண்டு பாகங்களில் எது உண்மையில் குணப்படுத்துகிறது என்பது முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. வங்கதேசத்தைச் சேர்ந்த ஆசாத் கான், ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ் என்பவரோடு சேர்ந்து, பாகங்களைத் தனித்தனியே எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார். 1977-இல் முடிவு வந்தது. குணப்படுத்துவது சாலிசிலேட் பாகம். சல்ஃபா பாகம் அதைச் சுமந்து செல்லும் வண்டி மட்டுமே. பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை அந்த வண்டியால் வருபவை.

இரண்டாவது மாத்திரையின் கதை நம் ஊர்ப்பக்கம் வருகிறது. லூசி வில்ஸ் 1888-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்துவிட்டு, பிறகு லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1920-இல் மருத்துவரானார். 1928-இல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் மார்கரெட் பால்ஃபர் என்ற பெண் மருத்துவர் பேறுகாலச் சாவுகளைப் பற்றிய விசாரணையை முன்னெடுத்திருந்தார். கர்ப்பிணிகள் ரத்தம் வற்றிச் செத்துக்கொண்டிருந்தார்கள். யார் சாகிறார்கள், அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வில்ஸ் கணக்கெடுத்தார். வசதியான வீடுகளில் இந்தச் சோகை குறைவு. காய்கறியும் பழமும் எட்டாத ஏழைப் பெண்களுக்கே அதிகம்.

1929 முதல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931-இல் சென்னையில் 'காஸ்ட் அண்ட் கோஷா' மருத்துவமனையிலும் அவர் ஆய்வைத் தொடர்ந்தார். இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது. சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் என்று மருத்துவமனையின் பெயரிலேயே சாதி இருந்தது. யாருடைய உடல் எந்தக் கட்டிலில் கிடக்கலாம் என்பதை நோய்க்கு முன்பே சமூகம் தீர்மானித்துவிட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-இல் சேர்ந்த முதல் பெண் மாணவிகளில் ஒருவரான மேரி ஷார்லீப் அந்த மருத்துவமனை உருவாக உழைத்தவர்.

அப்போது சோகைக்குத் தெரிந்த மருந்து ஈரல் சாறு. விலை அதிகம். வில்ஸ் மலிவான ஒன்றைத் தேடினார். பீர் வடிக்கும்போது மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்ற சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். பெண்கள் தேறினார்கள். 1931-இல் அந்த முடிவு வெளிவந்தது. ஈஸ்டில் இருந்த அந்த ஏதோ ஒன்றுக்கு 'வில்ஸ் காரணி' என்று பேர் வந்தது. 1941-இல் பசலைக்கீரை வகையிலிருந்து பிரித்தெடுத்தபோது, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்றார்கள். 1945-இல் அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகத் தயாரித்தது. சென்னையில் மருத்துவம் படித்த சுப்பாராவ், ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தவர். தானும் அந்த நோயில் விழுந்து எழுந்தவர். 1920களின் தொடக்கத்தில் கப்பலேறிய அவர் திரும்பி வரவே இல்லை. ஊரில் அவருடைய மனைவி சேஷகிரி இருந்தார். அவருக்கு வரலாறு ஒரு வரிக்கு மேல் தரவில்லை.

வில்ஸின் 1930 கட்டுரைகளில் இணையாசிரியர்களாகத் தல்பாடே, மேத்தா என்ற பெயர்கள் உண்டு. வில்ஸைக் கொண்டாடும் கட்டுரைகள் பலவற்றில் அந்தப் பெயர்கள் விடுபட்டுப்போகின்றன. பம்பாயில் கை நீட்டி ரத்தம் கொடுத்த பெண்கள் அட்டவணையில் எண்களாக மட்டும் இருக்கிறார்கள். அதைப் படிக்கும்போது மதுரையில் ஆலைச் சங்குக்கு எழுந்து வேலைக்கு ஓடிய பெண்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். 1970 முதல் இந்த நாட்டில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் சத்து மாத்திரையும், இன்று பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் வாராவாரம் விழுங்கும் நீல மாத்திரையும் அந்தப் பெயரில்லாத பெண்களின் ரத்தத்தில் கண்டுபிடித்தவை.

குடல் ஆய்வு நம் மாநிலத்தில் அதோடு நிற்கவில்லை. 1960களில் வடஆர்க்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோயாகப் பரவியபோது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதை ஆராய்ந்தார்கள். நோயாளிகளின் சிறுகுடல் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய 1975-ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதல் பெயர் மின்னி மாத்தன் என்ற பெண்ணுடையது.

குடல் அழற்சி வெள்ளைக்காரர்களின் நோய், நம் ஊரில் அபூர்வம் என்று வெகுகாலம் நம்பினார்கள். ரத்தத்தோடு பேதி என்றால் அமீபா. குடல் சுருங்கியிருந்தால் காசநோய். 2003-இல் பஞ்சாபில் 51,910 பேரைப் பரிசோதித்து எழுதிய ஆய்வு, லட்சத்துக்கு 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருப்பதாகக் காட்டியது. கிரோன் நோயையும் குடல் காசநோயையும் பிரித்தறிவது இன்றும் இந்திய மருத்துவர்களுக்குச் சவால்தான். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே மாதிரிப் புண்ணைக் காட்டும். அதனால் பலருக்கு முதலில் மாதக்கணக்கில் காசநோய் மருந்துதான். கல்யாணமாகாத பெண் என்றால் 'டிபி' என்ற சொல் அவள் ஜாதகத்தோடு சேர்ந்துகொள்ளும்.

மதுரையைச் சுற்றி, உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் மேலூரிலும், இந்த நோய்க்கு வேறு பெயர்கள்: மூலச்சூடு, சீதபேதி, வயித்துக்கடுப்பு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண், ஒரு நாளைக்குப் பத்து முறை எங்கே ஒதுங்குவாள்? பொழுது விடியுமுன் போய்வர வேண்டும் என்று பழக்கப்பட்ட உடம்புக்கு இந்த நோய் பட்டப்பகலில் வருகிறது. பஸ் ஏற வேண்டிய நாளில் முதல்நாள் இரவிலிருந்தே பட்டினி கிடக்கும் பெண்களை எனக்குத் தெரியும். நானும் கிடந்திருக்கிறேன். வயிற்றைவிடக் கூச்சம்தான் அவர்களைத் தாமதமாக மருத்துவரிடம் அனுப்புகிறது.

வந்தபின் என்ன கேட்கிறார்கள்? எனக்கு நோய் இன்னதென்று தெரியுமுன், ஒரு மருத்துவர் என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "ரொம்ப யோசிக்கிற டைப்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1930-இல் சிசில் முர்ரே என்ற அமெரிக்க மருத்துவர், கொலைட்டிஸ் மனத்திலிருந்து வருகிறது என்று எழுதினார். 1950களில் ஜார்ஜ் எங்கெல் நோயாளிகளுக்கும் அவர்களுடைய தாய்மாருக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். பிள்ளையை அடக்கி ஆளும் தாய் என்ற சித்திரம் பாடநூல்களில் ஏறியது. நோயாளி பெண்ணானால் அவள் மனசு குற்றவாளி, ஆணானால் அவன் அம்மா குற்றவாளி. 1990-இல் கேரல் நார்த் என்ற பெண் மனநல மருத்துவரும் சக ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட 138 ஆய்வுகளை எடுத்துச் சலித்தார்கள். முறையாகச் செய்யப்பட்ட ஆய்வுகளில் அந்தத் தொடர்புக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கவலை நோயைக் கூட்டலாம். அதற்காக அந்தப் பெண்ணின் குணம்தான் குடலைப் புண்ணாக்கியது என்று சொல்லிவிட முடியாது.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று மாணவிகள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, மருத்துவருக்காகக் காத்திருந்தபோது மேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் என்னிடம் பேசியதைத்தான்.

"நோவு எங்க வீட்டுக்காரருக்குக்கா. மருந்து அவரு திங்கிறாரு. ஸ்கேன் மட்டும் எனக்கு எடுக்குறாங்க."

கல்யாணமாகி ஐந்து வருடம். குழந்தை இல்லை. மாமியார் கோயில் கோயிலாகக் கூட்டிப்போயிருக்கிறார். கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று சோதனை, ஹார்மோன் ஊசி, மண்சோறு, எல்லாம் அவருக்கு. கணவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தேன். சல்ஃபாசலசின்.

அந்த மருந்து ஆண்களுக்கு விந்தணுக்களின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறைக்கும் என்பது 1979-லேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது. காரணம் அதே வண்டிதான், சல்ஃபா பாகம். பாதிப்பு நிரந்தரம் அல்ல. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும். சல்ஃபா இல்லாத மெசலமைன் என்ற மாற்று இருக்கிறது, ஆசாத் கான் பிரித்துக் காட்டிய அதே சாலிசிலேட் பாகம். பெண்கள் கருவுற்றிருக்கும்போதுகூட, கூடுதல் ஃபோலிக் அமிலத்தோடு சல்ஃபாசலசினை மருத்துவர்கள் தொடரச் சொல்வதுண்டு. ஆனால் நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. நோயுள்ள பெண், பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து மருந்தை நிறுத்திவிட்டு ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். நோயுள்ள ஆணோ மருந்தைத் தொடர்ந்து போடுகிறான். மலடி என்ற பட்டம் அவன் மனைவிக்குப் போகிறது. விந்துப் பரிசோதனை மலிவானது, ஊசியே வேண்டாதது. அதைக் கடைசியாகச் செய்வதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

அந்தப் பெண்ணிடம் நான் மருத்துவம் சொல்லவில்லை. மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது, நோய் திரும்பிவிடும் என்று மட்டும் சொன்னேன். பிறகு என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். 'இந்த மாத்திரையால் இவருக்கு விந்தணு குறையுமா? இவருக்குச் சோதித்துப் பார்த்து, வேறு மாத்திரை தர முடியுமா?'

"நான் கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்களாக்கா?"

"உன் உடம்புல அஞ்சு வருஷமா பாத்துட்டாங்கள்லம்மா. கேளு."

அவர் அந்தத் தாளை நான்காக மடித்துக் கணவரின் கோப்புக்குள், எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொண்டார். டோக்கன் எண் கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனார்கள். கதவு சாத்துவதற்கு முன் முதலில் கேட்டது அந்தப் பெண்ணின் குரல்தான்.