வெறுங்கையோடு உலகு கடந்த இருவர்

நஞ்சன்கூட்டில் கபிலை ஆற்றின் படித்துறையில் மாலை வேளைகளில் அமர்ந்திருக்கும் வழக்கம் எனக்கு உண்டு. இவ்வூர் வழிப்போக்கர்களுக்கென்றே அமைந்த ஊர். நஞ்சுண்ட பெருமானைத் தரிசிக்கக் கருநாடகத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். ஈரோட்டிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் திம்பம் மலைப்பாதை ஏறிச் சாமராசநகர் வழியாக வருகின்ற தமிழரும் அவர்களுள் உண்டு. 1735ஆம் ஆண்டில் தளவாய் தேவராசர் கட்டுவித்த கற்பாலம் இன்றும் ஆற்றின் குறுக்கே நிற்கின்றது. மாட்டு வண்டியும் பின்னர் மீட்டர்ப் பாதை இரயிலும் நெடுங்காலம் அதன்மேல் சென்றன. வேலை நிமித்தம் தமிழ்நாட்டை விட்டு வந்து மைசூரில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் யானும் ஒரு வகையில் இவ்வூருக்கு வழிப்போக்கனே.

சில திங்களுக்கு முன் என் தமையனாரின் குடும்பத்தார் ஈரோட்டிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களுடைய மகன் மைசூரில் பொறியியல் படித்துத் தேறியவன். ஒரு நண்பனுடன் சேர்ந்து, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, ஒரு மாத காலம் ஐரோப்பாவைச் சுற்றி வரப்போவதாகச் சொன்னான். அதுவே அவனுடைய முதல் அயல்நாட்டுப் பயணம். அண்ணியாருக்கு மனம் ஒப்பவில்லை. "தெரியாத ஊர், தெரியாத பாஷை. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அங்கே இவனுக்கு யார் இருக்கிறார்கள்? நீங்களே சொல்லுங்கள், தம்பி" என்று என்னிடம் முறையிட்டார். நான் அப்போது மறுமொழி ஒன்றும் கூறவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வரலாறு என் நினைவுக்கு வந்தது. அதையே அன்றிரவு உணவுக்குப் பிறகு அவர்களுக்குச் சொன்னேன். இங்கும் அதனையே சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

அந்த வரலாறு நம் பக்கத்து நகரமாகிய பெங்களூரில் தொடங்குகின்றது. ஆனால் அதன் வேர் இன்னும் அருகில் இருக்கின்றது. நஞ்சன்கூடு வட்டத்திலுள்ள பதனவாள் கதர் நிலையத்தைக் காந்தியடிகள் 1927இல் வந்து கண்டார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1957ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், மைசூரை அடுத்து ஹுணசூர்ச் சாலையில் உள்ள எல்வால் என்னும் இடத்தில் கிராமதான மகாநாடு கூடிற்று. குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்தும் பிரதமர் நேருவும் அதில் கலந்துகொண்டனர். அம்மகாநாட்டின் நடுநாயகமாக விளங்கியவர் ஆசாரிய வினோபா பாவே. 1951இல் தெலுங்கானாவின் போச்சம்பள்ளியில் பூதான இயக்கத்தைத் தொடங்கிய அவர், ஊர் ஊராக நடந்தே சென்று நிலம் படைத்தவர்களிடம் நிலமற்றோர்க்காக நிலம் கேட்டார். பெங்களூரிலும் அவருடைய அன்பர்களின் ஆசிரமம் ஒன்று ஏற்பட்டது.

அந்த ஆசிரமச் சூழலில் இரண்டு இளைஞர் நண்பர்களாயினர். ஒருவர் சதீஷ் குமார். 1936இல் இராசஸ்தானத்தில் பிறந்தவர். ஒன்பதாம் வயதில் சமணத் துறவியாகி, பதினெட்டாம் வயதில் துறவறத்தை விட்டு வினோபாவின் இயக்கத்தில் சேர்ந்தவர். மற்றவர் கேரளத்தவராகிய இ. பி. மேனன். வடக்கும் தெற்குமாகப் பிறந்த இவ்விருவரையும் இணைத்தது காந்திய நெறி ஒன்றே.

1961ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு நாள் இருவரும் பெங்களூரில் ஒரு சிற்றுண்டிச் சாலையில் காப்பி அருந்திக்கொண்டிருந்தனர். செய்தித்தாளில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. அணுகுண்டை எதிர்த்து மறியல் செய்த குற்றத்துக்காகப் பேரறிஞர் பெர்ட்ரண்டு ரஸ்ஸலை இலண்டனில் சிறையில் அடைத்துவிட்டனர். அப்போது அவருக்கு வயது 89. "தொண்ணூறை நெருங்கும் முதியவர் சிறைக்குச் செல்கிறார், இருபத்தைந்து வயதுள்ள நாம் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறோமே" என்ற நாணம் அவர்களைப் பற்றிக்கொண்டது. அந்நாணத்திலிருந்து எழுந்தது ஒரு துணிவு. அணுகுண்டு வைத்திருந்த நான்கு வல்லரசுகளின் தலைநகரங்களாகிய மாஸ்கோ, பாரிஸ், இலண்டன், வாஷிங்டன் ஆகியவற்றுக்குக் கால்நடையாகவே செல்வது என்று முடிவு செய்தார்கள்.

இத்தகைய நடைப்பயணம் அக்காலத்தில் முற்றிலும் புதியதன்று. அமெரிக்க அமைதித் தொண்டர் சிலர் 1960 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு 1961 அக்டோபரில் மாஸ்கோவை அடைந்தனர். ஆயினும் இந்திய இளைஞர்களின் பயணத்துக்கு வினோபா ஒரு தனித் தன்மையை அளித்தார். ஆசி பெறச் சென்றபோது அவர் இரண்டு ஆயுதங்களை அவர்களுக்குக் கொடுத்ததாகச் சதீஷ் குமார் எழுதியிருக்கிறார். எங்கும் புலால் உண்ணாதிருப்பது ஒன்று; கையில் ஒரு காசும் வைத்துக்கொள்ளாதிருப்பது மற்றொன்று. பணம் உள்ளவன் களைத்து ஓர் ஊரை அடைந்தால் விடுதியைத் தேடிச் சென்று உண்டு உறங்கிவிடுவான். அவ்வூரில் ஒரு முகத்தையும் அறியமாட்டான். பணம் இல்லாதவனோ யாரேனும் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும். தான் யார், எதற்காக வந்தான் என்று சொல்லியாக வேண்டும். அவர் கூறியதன் கருத்து இதுவே.

1962ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், புது டில்லியில் காந்தியடிகளின் சமாதியாகிய இராஜகாட்டிலிருந்து இருவரும் புறப்பட்டனர். பாகிஸ்தான் எல்லை வரையில் இடையூறு இல்லை. நம் நாடு, நம் மக்கள். எல்லையில்தான் முதல் சோதனை. வழியனுப்ப வந்த நண்பர் ஒருவர் உணவுப் பொட்டலங்களை நீட்டினார். பிரிவினையின் புண் ஆறாத காலம் அது. "அந்த நாட்டில் உங்களுக்கு யார் சோறு போடுவார்கள்? இதையாவது எடுத்துச் செல்லுங்கள்" என்று மன்றாடினார். சதீஷ் அதனை ஏற்கவில்லை. இவை உணவுப் பொட்டலங்கள் அல்ல, அவநம்பிக்கைப் பொட்டலங்கள் என்று அவர் கருதினார். உணவை எடுத்துச் சென்றால், பாகிஸ்தானத்து மக்கள் நமக்குச் சோறிட மாட்டார்கள் என்று அவர்களைக் காணும் முன்னரே தீர்ப்புக் கூறியதாகும் அல்லவா?

வெறுங்கையோடு எல்லையைக் கடந்தார்கள். சிறிது தொலைவு சென்றதும் ஒரு கார் அவர்கள் அருகில் வந்து நின்றது. அமைதிக்காக நடந்து வரும் இரண்டு இந்தியர்கள் நீங்கள்தாமா என்று ஓர் அன்பர் கேட்டார். அவர்களைப் பற்றிக் கேள்வியுற்று, இலாகூரிலிருந்து அவர்களையே தேடி வந்தவர் அவர். தம் வீட்டில் விருந்தினராகத் தங்கவேண்டும் என்று வேண்டினார். வண்டியில் ஏறுவதில்லை என்ற விரதத்தை எடுத்துரைத்து, நடந்தே வந்து அவர் வீட்டை அடைவதாக வாக்களித்து, அவ்வாறே சென்று உண்டனர். "நாம் இந்தியராக வந்தால் பாகிஸ்தானியரைச் சந்திப்போம், மனிதராக வந்தால் மனிதரைச் சந்திப்போம்" என்பது அன்று அவர்கள் கற்ற பாடம்.

அதன் பின் கைபர்க் கணவாய், ஆப்கானிஸ்தானத்து மலைகள், ஈரானின் பாலை நிலங்கள், பின்பு சோவியத் நாட்டு எல்லை. உணவு கிடைத்த நாள் உண்டனர். கிடைக்காத நாளை உண்ணாநோன்பாகக் கொண்டனர். இடம் கிடைக்காத இரவுகளில் விண்மீன்களின் கீழ் உறங்கினர்.

இவர்கள் வழியில் இருந்தபோதே உலகம் அழிவின் விளிம்பைத் தொட்டது. 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்பட்டதன் காரணமாக அமெரிக்காவும் சோவியத் நாடும் அணுப்போருக்கு மிக அருகில் வந்துவிட்டன. அதே மாதத்தில் இமயமலை எல்லையில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போர் மூண்டது. தாய்நாடு போரிலிருக்க, அயல்நாட்டுச் சாலைகளில் அமைதி பேசி நடப்பது எளிய செயலன்று. இருவரும் திரும்பிவிடவில்லை.

இவ்வரலாற்றில் பலரும் நினைவில் வைத்திருக்கும் நிகழ்ச்சி கருங்கடல் ஓரத்தில், ஜார்ஜியாவில் நிகழ்ந்தது. ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் வாயிலில் இரண்டு பெண்களைச் சந்தித்து, தங்கள் நோக்கத்தை இரஷ்ய மொழியில் விளக்கும் துண்டுத்தாளை அவர்களிடம் கொடுத்தனர். காசில்லாமல் இந்தியாவிலிருந்தா நடந்து வருகிறீர்கள் என்று வியந்து, அப்பெண்கள் உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார்கள். திடீரென்று அவர்களுள் ஒருத்தி எழுந்து சென்று நான்கு தேயிலைப் பொட்டலங்களுடன் திரும்பினாள். இவற்றை நான்கு தலைநகரங்களின் தலைவர்களுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். அணுகுண்டுப் பொத்தானை அழுத்தும் எண்ணம் தோன்றுமானால், அதற்கு முன் ஒரு கணம் நின்று ஒரு கோப்பைத் தேநீர் அருந்துமாறு தன் சார்பில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். மொழிபெயர்ப்பை வாழ்க்கைப் பணியாகக் கொண்ட எனக்கு இந்நிகழ்ச்சியில் அந்தத் துண்டுத்தாள் தனியாகத் தெரிகின்றது. யாரோ ஒருவர் அதனை இரஷ்ய மொழியில் எழுதிக் கொடுத்திராவிட்டால் அந்தத் தேநீரும் இல்லை, அச்செய்தியும் இல்லை.

அப்பொட்டலங்களைச் சுமந்துகொண்டு கடும் பனியில் மாஸ்கோவை அடைந்தனர். முதற் பொட்டலம் கிரெம்ளினில் ஒப்படைக்கப்பட்டது. போலந்து, இரு கூறாகப் பிரிந்திருந்த ஜெர்மனி ஆகியவற்றின் வழியாகப் பிரான்சு சேர்ந்தனர். பெர்லின் நகரின் நடுவே சுவர் எழுந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. பாரிசில் ஜனாதிபதி தெ கோலைக் காணும் முயற்சி பலிக்கவில்லை. மறியல் செய்த இருவரையும் பிரெஞ்சுப் போலீசார் சிறையில் அடைத்தனர். ரஸ்ஸல் சிறை சென்ற செய்தியைப் படித்துப் புறப்பட்டவர்கள் தாங்களும் சிறையைக் கண்டனர். பின்னர்க் கடல் கடந்து இங்கிலாந்து சேர்ந்து, அம்முதியவரையும் நேரில் கண்டு மகிழ்ந்தனர். அவர் முதலான அன்பர்களின் உதவியால் 'குயின் மேரி' என்னும் கப்பலில் அமெரிக்கா சென்று, நியூயார்க்கிலிருந்து மீண்டும் நடந்து வாஷிங்டனை அடைந்தனர். அவர்கள் காண நினைத்த கென்னடி 1963 நவம்பர் 22ஆம் நாள் கொலையுண்டுவிட்டார். ஆகவே காந்தியடிகளின் சமாதியில் தொடங்கிய நடை 1964 ஜனவரியில் ஆர்லிங்டனில் கென்னடியின் சமாதியில் முடிந்தது. நடந்த தூரம் ஏறத்தாழ 8,000 மைல். அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் அவர்களையும் சந்தித்தனர். திரும்பும் வழியில் ஜப்பானில் ஹிரோஷிமாவுக்கும் சென்றனர்.

இந்தப் பயணத்தால் விளைந்தது என்ன என்று கேட்பது நியாயமே. ஓர் அணுகுண்டும் இதனால் கழிக்கப்படவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் நாடு மூன்றும் மாஸ்கோவில் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டு, நிலத்தடியில் அல்லாத அணுச் சோதனைகளைக் கைவிட்டன. அது இவ்விருவரின் நடையால் நேர்ந்தது என்று கூறுவது மிகையாகும். பிரான்சு அதில் சேரவில்லை. 1964 அக்டோபரில் சீனாவும், 1974இல் நம் நாடும் அணுச் சோதனை நடத்தின. பிறர் சோற்றை உண்டு நாடு கடந்தது பெருமையா என்று கேட்போரும் உண்டு. பெண்கள் இருவர் அன்று இவ்வாறு புறப்பட்டிருந்தால் இதே வரலாறு நிகழ்ந்திருக்குமா என்ற கேள்வியையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன்.

ஆயினும் ஒன்று மெய்ப்பிக்கப்பட்டது. காசில்லாத, ஊனுண்ணாத, மொழியறியாத இரண்டு அயலார்க்கு, ஒருவரையொருவர் பகைத்த நாடுகளின் மக்கள் மாறி மாறி உணவளித்தார்கள். முஸ்லிமும் அளித்தார், கிறித்தவரும் அளித்தார், கடவுளே இல்லை என்பாரும் அளித்தார். பிற்காலத்தில் சதீஷ் குமார் இங்கிலாந்தில் குடியேறி, 1973 முதல் பல்லாண்டுகள் ஒரு சுற்றுச்சூழல் இதழை நடத்தினார். மேனன் பெங்களூரைத் தம் பணிக்களமாகக் கொண்டார். இருவரும் தத்தம் பயண நினைவுகளை நூலாக எழுதினர்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அண்ணியார், "அது அந்தக் காலம், தம்பி" என்றார். உண்மைதான். இன்று காசில்லாமல் ஐரோப்பிய எல்லையைக் கடக்க இயலாது. விசா வேண்டுவோர் வங்கிக் கணக்கைக் காட்டவேண்டும். தங்குமிடத்துக்குச் சான்று வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். என் தமையனார் மகன் அத்தனையையும் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தான். அக்கோப்பைப் புரட்டிப் பார்த்த பிறகு அண்ணியாரின் அச்சம் சற்றே தணிந்தது. எனக்கோ வேறொரு கவலை. இத்தனை முன்னேற்பாட்டோடு செல்பவன் ஒரு வீட்டுக் கதவையாவது தட்டுவானா?

இதனை அவனிடம் கேட்டேன். சிறிது நேரம் யோசித்து, "ஆறேழு இரவுகளுக்கு மட்டும் அறை பதியாமல் விட்டுவிடுகிறேன், சித்தப்பா" என்றான். ஒப்புக்கொண்டேன்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. மொழி தெரியாத ஊரில் முதல் நாள் வந்திறங்கியபோது நமக்கும் யாரோ ஒருவர் வழி காட்டினார். யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமரச் சொன்னார். எனக்கு நஞ்சன்கூட்டில் முதன்முதலாகச் சோறிட்டவர் கன்னடம் மட்டுமே பேசும் ஒரு மூதாட்டி. எனக்கு அப்போது கன்னடத்தில் பத்துச் சொற்கள்கூடத் தெரியா.

பையன் புறப்படும் நாளில் அண்ணியார் புளிக்காய்ச்சலை ஒரு புட்டியில் அடைத்து, கசியாதபடி துணி சுற்றிக் கொண்டு வந்தார். அவநம்பிக்கைப் பொட்டலம் என்று நான் சொன்னதை நினைத்தோ என்னவோ, என் முகத்தைப் பார்த்தார். "இவன் சாப்பிட அல்ல, தம்பி. அங்கே யாராவது இவனுக்குச் சோறு போட்டால், அவர்களுக்கு இவன் கொடுக்கட்டும்" என்றார். அவன் அதை வாங்கித் தன் பையின் நடுவில், துணிகளுக்கிடையே வைத்துக்கொண்டான்.