விழுங்க இயலாக் குழந்தைகள்: ஒரு சிறு வரலாறு

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று வழிநடப்போர் தங்கிய காலத்தை நினைவூட்டும் ஊர்ப்பெயர்கள் தொடர்கின்றன. வேலப்பன்சாவடியில் இன்று மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. எடை ஏறாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார் ஏறும் படிகள் இத்தகைய மருத்துவமனைகளுடையவை. அக்குழந்தைகளுள் மிக அரிதாக ஒன்றுக்கு இருக்கக்கூடிய நோய் அகலேசியா. 'தளராமை' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

உணவுக்குழாயின் அடியில், இரைப்பையின் வாயிலில், ஒரு தசைவளையம் உண்டு. கவளம் வந்ததும் அது தளர்ந்து வழிவிட வேண்டும். அதனைத் தளர்த்தும் நரம்பணுக்கள் அழிந்துவிட்டால் வாயில் திறவாது. உணவு மேலேயே தேங்கும். பின்பு அப்படியே வெளிவரும். இரைப்பையை எட்டாததால் அதில் புளிப்பு இராது.

இந்நோய்க்கான முதற் சிகிச்சையை 1674-இல் பதிவு செய்தவர் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ். திமிங்கில எலும்பின் நுனியில் பஞ்சைக் கட்டி, தேங்கிய உணவை உள்ளே தள்ளச் செய்தார். 1913-இல் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் அத்தசையையே கீறிவிட்டார். அவர் பெயரால் வழங்கும் அறுவை இன்றும் நடைபெறுகிறது. பிற்காலத்தில் அது வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்வதாயிற்று.

உள்ளே நோக்கும் கருவியின் கதை தனியானது. 1868-இல் ஜெர்மானியரான குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் துணைகொண்டே விறைத்த குழாயை இரைப்பைவரை செலுத்திக் காட்டினார். வளையும் கருவிக்கு வழிவகுத்தது கண்ணாடி இழை. 1954-இல் ஹாப்கின்ஸுடன் இணைந்து இழைக்கற்றையினூடே உருவத்தைக் கடத்திக் காட்டிய நரிந்தர் சிங் கபானி, பஞ்சாபின் மோகாவில் பிறந்தவர். சில ஆண்டுகளிலேயே ஹிர்ஷோவிட்ஸ் இழைவழி அகநோக்கியை உருவாக்கினார்.

இவ்விரு வரலாறுகளும் 2008-இல் யோகோஹாமாவில் சந்தித்தன. ஹாருஹிரோ இனோவே, வாய்வழியே அகநோக்கியைச் செலுத்தி, உணவுக்குழாயின் உட்சவ்வில் சிறு கீறலிட்டு, சவ்வுக்கும் தசைக்கும் இடையே ஒரு சுரங்கம் அமைத்து, அதன்வழி தசையை அறுத்தார். கீறலைக் கிளிப்புகள் மூடின. உடலின் புறத்தே தழும்பில்லை. 2012-இல் அவருடைய குழுவினர், டவுன் நோய்க்குறியும் கடும் வளர்ச்சிக் குறைவும் கொண்ட மூன்று வயதுச் சிறுமிக்கு இம்முறையில் சிகிச்சை செய்ததை வெளியிட்டனர். இந்தியாவில், ஹைதராபாத்தின் ஆசிய இரைப்பை குடலியல் நிறுவனத்தில், நாகேஷ்வர் ரெட்டி உள்ளிட்ட மருத்துவர்கள் குழந்தைகளுக்கு இதனைச் செய்து பெற்ற அனுபவங்களைப் பதிவு செய்துள்ளனர்.

இது முற்றான குணமன்று. அழிந்த நரம்பு மீளாது. வாயில் திறந்தபடியே இருப்பதால் அமிலம் மேலேறுவதும் உண்டு; குழந்தையின் நீண்ட வாழ்நாளில் அது சிறிய கவலையன்று.

ஆனால் அதனினும் பெரிய கவலை, சிகிச்சைக்கு முந்தைய காலம். ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் கேட்கும் குழந்தையை நம் வீடுகள் அடம்பிடிக்கிறது என்கின்றன. கண்ணேறு கழிக்கின்றன, மந்திரிக்கின்றன. இரவு இருமலை ஆஸ்துமா என்று மருத்துவர்களே கருதிவிடுவதுண்டு. தலையணையில் செரிக்காத சோறு கிடப்பதைக் காண்பவள் தாய். அவள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து ஒரு படம் எடுத்தால், பறவையின் அலகைப்போல் குறுகிய வாயில் பெரும்பாலும் தெரிந்துவிடும். முந்நூற்றைம்பது ஆண்டுகளில் கருவிகள் திமிங்கில எலும்பிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டன. அத்தாயின் சொல்லுக்குச் செவிகொடுக்க எந்தக் கருவியும் வேண்டுவதில்லை.