வானத்தில் ஒரு குழூஉக்குறி

(அனந்தபுரத்தில் நடந்த பட்டிமன்றத்தில், 'சுருக்கச் சொற்களால் மொழி வளர்கிறதா, தளர்கிறதா?' என்ற தலைப்பில், 'வளர்கிறது' என்ற அணியில் பேசியது.)

   

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, சுருக்கிச் சுருக்கியே தமிழைச் சுருக்குப்பையில் போட்டு முடிந்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம்தான். 'காலை வணக்கம்' சொல்வதற்குக்கூட நம் பிள்ளைகள் செல்போனில் இரண்டே எழுத்துத்தான் தட்டுகிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சகோதரி, நீங்கள் இங்கே எப்படி வந்தீர்கள்? ரயிலில் வந்தேன் என்று சொன்னீர்கள். விழுப்புரம் ஜங்ஷனுக்கு ரயில்வே வைத்திருக்கிற குறி என்ன? 'வி எம்'. வழியில் வந்ததே திண்டிவனம், அதற்கு 'டி எம் வி'. அந்த ரெண்டெழுத்தை நம்பித்தானே சரியான ஊரில் இறங்கி, சரியான மேடைக்கு வந்து, சுருக்கெழுத்தைத் திட்டினீர்கள்? (சிரிப்பு)

இந்தச் சங்கதியை நம் இலக்கணக்காரர்கள் அன்றைக்கே பார்த்துவிட்டார்கள். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வழங்கும் சொல்லுக்குக் 'குழூஉக்குறி' என்று பெயர் வைத்தார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார். எதற்கு? பக்கத்தில் நிற்கிறவனுக்குப் புரியக்கூடாது, அதற்கு! குழூஉக்குறி என்றால் மறைக்கிற மொழி.

ஆனால் மறைக்காமல், விளக்குவதற்காகவே பிறந்த குழூஉக்குறி ஒன்று இருக்கிறது. அதைப் பேசுகிறவர்கள் விமானிகள். ஒரு நாட்டுக்காரர் விமானம் ஓட்டுவார். கீழே இருந்து இன்னொரு நாட்டுக்காரர் வழி சொல்வார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. நடுவிலே கரகரவென்று ஒரு ரேடியோ. அந்த மொழியின் வரலாறுதான் இன்றைக்கு என் சாட்சி.

1912ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு, கப்பல்களின் கம்பியில்லாத் தந்திக்காக, 'க்யூ' என்ற எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறிகளை ஏற்றுக்கொண்டது. கப்பலுக்குப் பிறந்த பிள்ளை பிறகு விமானத்துக்குத் தத்துப் போயிற்று. இன்றும் விமானிகள் 'க்யூ என் எச்' என்கிறார்களே, அது அந்தக் குடும்பம்தான். அது எந்தச் சொல்லின் சுருக்கமும் அல்ல, வெறும் குறி. ஆனால் அதன் பொறுப்பைப் பாருங்கள். விமானத்தில் உயரம் காட்டும் கருவி, உண்மையில் காற்றின் அழுத்தத்தை அளக்கிறது. அழுத்தமோ நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறும். இன்றைய அழுத்தம் இன்னது என்று கீழே இருப்பவர் சொல்ல, அந்த எண்ணை விமானி கருவியில் திருகி வைக்க வேண்டும். அந்த எண்ணுக்குப் பெயர்தான் க்யூ என் எச். அதில் ஒன்று தவறினால், ஏறக்குறைய 27 அடி தவறும். முப்பது தவறினால்? 800 அடி! அதோ நம் செஞ்சியில் ராஜகிரிக் கோட்டை நிற்கிறதே, அந்த மலை உயரத்துக்குத் தவறு! மூன்றெழுத்தைக் காதில் சரியாக வாங்காதவன் மலையில் போய் முட்டுவான்.

அடுத்து 1923. லண்டனுக்குப் பக்கத்தில் க்ராய்டன் விமான நிலையம். அங்கே ரேடியோ அதிகாரியாக இருந்தவர் ஃப்ரெடரிக் மாக்ஃபோர்ட். ஆபத்து என்றால் எல்லோருக்கும் விளங்குகிற ஒரு சொல் வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். தந்தியில் 'எஸ் ஓ எஸ்' சரி. வாயால் சொல்லும்போது இரைச்சலில் அந்த 'எஸ்' காதில் விழாது. அன்றைக்கு அங்கிருந்து பெரும்பாலும் பாரிசுக்குத்தான் விமானப் போக்குவரத்து. ஆகவே 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுப் பேச்சின் ஓசையை எடுத்து, 'மே டே' என்று ஆக்கினார். அதை மூன்று தடவை சொல்ல வேண்டும் என்பது விதி. ஏன் மூன்று? நம் ஊர் ஏலத்தில் 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' என்கிறோமே, ஏன்? காதில் விழவில்லை என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது. ஏலத்தில் போனால் ஒரு மாடு போகும். அங்கே போனால் உயிர் போகும். (கைதட்டல்)

நம் நாட்டு விமானங்களின் வாலுக்குப் பக்கத்தில் 'வி டி' என்று எழுதியிருக்கும். 'வைஸ்ராயின் ஆட்சிப் பகுதி' என்பதன் சுருக்கம் அது, அடிமைச் சின்னம் என்று பலர் சொல்வார்கள். நாடாளுமன்றத்தில்கூட அதை மாற்றச் சொல்லிக் குரல் எழுந்தது. வரலாறு வேறு. 1927இல் வாஷிங்டனில் நடந்த வானொலித் தந்தி மாநாட்டில், நாடுகளுக்கு எழுத்துகளைப் பங்கு வைத்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பல நாடுகளுக்கு 'வி' வரிசை வந்தது. அதில் இந்தியாவுக்கு விழுந்த துண்டு 'வி டி'. வைஸ்ராய் பிறகு மக்கள் கட்டிய கதை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் சுமந்து ஓட்டிய சின்ன விமானத்திலும் அந்த 'வி டி' இருந்தது. அந்தத் தபாலை பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட்.

சென்னை என்றதும் நினைவு வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் மகனுடைய பெட்டியில் ஒட்டியிருக்கிற சீட்டைப் பாருங்கள். 'எம் ஏ ஏ' என்று இருக்கும். மெட்ராஸ்! 1996இல் ஊர்ப் பெயரை மாற்றிவிட்டோம். பெட்டி இன்னும் மெட்ராசுக்குத்தான் வருகிறது. 2006இல் பாண்டிச்சேரி புதுச்சேரி ஆயிற்று. விமானக்குறி 'பி என் ஒய்' மாறவில்லை. சுருக்கம் வரலாற்றை அழிக்கிறது என்றாரே எதிரணித் தலைவர், அழிக்கவில்லை ஐயா, ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறது! (சிரிப்பு)

விழுப்புரத்திலிருந்து திருச்சி சாலையில் போனால் உளுந்தூர்பேட்டையில் ஒரு பழைய ஓடுதளம் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் போட்டது. அந்தப் போர்க்காலத்தில் நேச நாட்டு விமானிகள் ஏ, பி, சி என்று எழுத்தைச் சொல்ல மாட்டார்கள். 'ஏபிள், பேக்கர், சார்லி' என்பார்கள். 'ஆர்' எழுத்துக்கு 'ரோஜர்'. 'ஆர்' என்றால் 'வந்து சேர்ந்தது' என்று பொருள். சினிமாவில் 'ரோஜர்' என்கிறானே, அவன் சொல்வது 'நீ சொன்னது எனக்கு வந்து சேர்ந்தது' என்பதுதான். 1956 மார்ச் 1 முதல் பட்டியல் மாறியது: 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி'. இப்போது 'ஆர்' எழுத்துக்கு ரோமியோ. ஆனால் பழைய ரோஜர் மட்டும் போகவில்லை. உளுந்தூர்பேட்டை ஓடுதளம் மாதிரி அப்படியே கிடக்கிறார்!

புதிய பட்டியல் செய்ததில் பெரும்பங்கு யாருக்கு? மான்ட்ரியல் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் ழான் பால் வினே. பார்த்தீர்களா, மொழி வாத்தியாருக்கும் ஆகாயத்தில் வேலை இருந்திருக்கிறது! ஆங்கிலக்காரர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியக்காரர் மூவர் வாயிலும் நுழைகிற சொல்லாகத் தேடினார்கள். இது நமக்குப் புதிதா? போனில் பெயர் சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம்? 'சின்ன ர'வா, 'பெரிய ற'வா? 'ரெண்டு சுழி'யா, 'மூணு சுழி'யா? அதே வேலைதான்.

சரி, இவ்வளவு பாதுகாப்பாகப் பேசியும் விபத்து நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்தது. எப்போது நடந்தது என்பதுதான் என் வாதத்தின் உயிர்நாடி.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவு. ஓடுதளத்தில் அடர்ந்த மூடுபனி. டச்சு ஜம்போ விமானத்தின் துணை விமானி, புறப்படும் நிலையில் இருக்கிறோம் என்று ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார். 'புறப்படத் தயார்' என்கிறாரா, 'புறப்பட்டுவிட்டோம்' என்கிறாரா? ரெண்டுக்கும் இடம் கொடுக்கிற வாக்கியம். கட்டுப்பாட்டு அதிகாரி அதற்கு என்ன சொன்னார் தெரியுமா? 'ஓகே'. 'காத்திருங்கள்' என்று அவர் அடுத்துச் சொன்னது, இன்னொரு விமானம் அதே நொடியில் பேசியதால் இரைச்சலில் மூழ்கியது. அதே ஓடுதளத்தில் எதிரே இன்னொரு ஜம்போ. 583 பேர் இறந்தார்கள். அந்த வாக்கியமும் குறி அல்ல, அந்த 'ஓகே'யும் குறி அல்ல. ரெண்டும் வீட்டுப் பேச்சு! அதற்குப் பிறகு விதி வந்தது: புறப்பட உத்தரவு கொடுக்கும்போதும், அதை ரத்து செய்யும்போதும் தவிர, 'டேக் ஆஃப்' என்ற சொல்லை வாயிலேயே எடுக்கக்கூடாது.

1990 ஜனவரி 25. நியூயார்க். கொலம்பிய நாட்டு விமானம் ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் காத்திருக்க வைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள், முன்னுரிமை வேண்டும் என்றார்கள். 'எமர்ஜென்சி' என்ற சொல்லையோ, 'மே டே'யையோ சொல்லவில்லை. கீழே இருந்தவருக்கு அவசரம் உறைக்கவில்லை. விமானம் விழுந்தது, 73 பேர் மாண்டார்கள். தாய்மார்களே, நம் வீட்டில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 'ஒண்ணுமில்லம்மா, லேசா ஒரு மாதிரியா இருக்கு' என்கிறாரே, அது இதுதான். சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லாத மரியாதை, உயிரைக் கேட்கும்.

1996 நவம்பர் 12. நம் நாடு, அரியானாவில் சர்க்கி தாத்ரி. ஏறிக்கொண்டிருந்த சவூதி விமானத்துக்கு 14,000 அடி. இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. நடுவில் 1,000 அடி இடைவெளி. கஜக விமானம் தனக்குச் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கியது. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. விசாரித்த நீதிபதி லகோத்தி ஆணையம், அந்த விமானக் குழுவினருக்குப் போதிய ஆங்கிலம் இல்லாததையும் ஒரு காரணமாகச் சுட்டியது. பிறகு உலக அளவில் விதி வந்தது: 2008 மார்ச் முதல், நாடு விட்டு நாடு பறக்கிற விமானிகளும், அவர்களோடு பேசுகிற அதிகாரிகளும் மொழித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். ஆறு படிகளில் நான்காவது படியாவது எட்ட வேண்டும்.

இங்கே எதிரணிக்கு ஒரு நியாயம் கொடுக்கிறேன். குறி மட்டும் மனப்பாடமாக இருந்தால் போதும் என்று உலகம் நினைத்தது. போதாது என்று அந்தத் தேர்வு சொல்கிறது. எதிர்பாராதது நடந்தால் முழு வாக்கியத்தில் பேசத்தான் வேண்டும். நம் நன்னூலார் நூலுக்குரிய பத்து அழகுகளை எண்ணும்போது, சுருக்கத்தை முதலில் வைத்தார். அடுத்த இடத்திலேயே விளக்கத்தை வைத்தார். இரண்டையும் பிரித்தால் விபத்து.

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். விமானிக்கு உயரமோ அழுத்தமோ சொன்னால், 'ரோஜர்' என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த எண்ணை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இன்று புறப்படும்போது என் வீட்டம்மா, 'மருந்துச் சீட்டு பையில இருக்கு, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு' என்றார்கள். 'சரி சரி' என்றேன். 'என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க' என்றார்கள். முழித்தேன்! (சிரிப்பு) அவர்கள் விமான நிலையம் பக்கமே போனதில்லை. ஆனால் சட்டம் தெரிந்திருக்கிறது. 'பின்னாடி ஒண்ணு' என்று நான் சொல்ல, 'முன்னாடி' என்று திருத்தி அனுப்பினார்கள்.

பறியும் காரையும் மறைக்கப் பிறந்தன. மே டேயும் ஆல்ஃபாவும் முகம் தெரியாதவனுக்கு விளங்கப் பிறந்தன. விளங்குவதற்காகச் சுருங்கும்போது மொழி தளரவில்லை, வளர்கிறது என்று கூறி, சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திரை போட வேண்டியிருப்பதால் விடைபெறுகிறேன்.  (கைதட்டல்)