பனிமலையில் முதற்பாடம்

பனி என்ற சொல் தமிழர்க்குப் புதியதன்று. ஆறு பெரும்பொழுதுகளுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயரிட்டவர்கள் நம் முன்னோர். ஆயினும் அவர்கள் கண்டது, புல்நுனியில் துளித்துக் கதிரவன் எழுந்ததும் மறையும் பனி. முழங்கால் ஆழத்துக்குக் கொட்டி, திங்கள் பல உருகாமல் கிடக்கும் வெண்பனியைப் புதுவைக் கடற்கரை கண்டதில்லை.

எனினும் அவ்வெண்பனி நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுவையின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அம்மாற்றம் சட்டப்படி நிறைவெய்தியது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் பலவற்றின் வழித்தோன்றல்கள் இன்று பிரான்சில் வாழ்கின்றனர். அங்கே உறவினரைக் காணச் செல்லும் இளைஞர் சிலர், “ஆல்ப்ஸ் மலைக்குச் சென்று பனிச்சறுக்குப் பழகலாமா? முதன்முறை செல்பவன் எத்தகைய ஊரைத் தெரிந்தெடுக்க வேண்டும்?” என்று என்னை வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடை சொல்ல வல்லது வரலாறே என்பது என் கருத்து.

முதன்முறை செல்வோர்க்கு நான்கு பொருள்கள் இன்றியமையாதவை. கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும். அஞ்சாமல் பழக ஒரு மென்சரிவு வேண்டும். கீழே வந்தவரை மீண்டும் மேலே சேர்க்க ஒரு பொறி வேண்டும். எளிய குடும்பத்துக்கும் எட்டும் செலவு வேண்டும். இந்நான்கில் ஒன்றையேனும் மலை தானாகத் தந்ததில்லை. ஒவ்வொன்றையும் மனிதர் முயன்று உண்டாக்கினர்.

இருகால்களிலும் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு பனிமேல் செல்லும் கலை, வடபுலத்து மக்களின் பழங்கலை. அப்பலகைக்கு நார்வே மொழியில் ‘ஸ்கீ’ என்று பெயர். நமக்குக் கட்டுமரம் எப்படியோ, அப்படி அவர்களுக்கு ஸ்கீ. வேட்டைக்கும் அயலூர் செல்வதற்கும் உதவிய கருவி அது. 1888ஆம் ஆண்டு நார்வே நாட்டு நான்சென் என்பவர் ஐந்து துணைவருடன் கிரீன்லாந்தின் பனிவெளியை ஸ்கீ பூட்டிக் கடந்தார். 1890இல் அப்பயணத்தை நூலாக எழுதினார். அந்நூலைப் படித்த நடு ஐரோப்பிய இளைஞர்கள், ஆல்ப்ஸ் மலையிலும் ஸ்கீ பழக முற்பட்டனர்.

ஆனால் நார்வேயின் குன்றுகள் வேறு, ஆல்ப்ஸின் செங்குத்தான சரிவுகள் வேறு. அங்கே விரைவைக் கட்டுப்படுத்தவும் திரும்பவும் தெரியாதவன் உயிரோடு விளையாடியவன் ஆவான். இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் ஆஸ்திரியா நாட்டு மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி. அவர் முன்னாள் பள்ளியாசிரியர். லிலியன்பெல்டு என்னும் ஊரில் தனித்திருந்து பல குளிர்காலங்கள் பயின்று, செங்குத்துச் சரிவுக்கேற்ற முறையொன்றை வகுத்து, 1896இல் நூலாக வெளியிட்டார். பின்னர் அம்முறையைப் பலர்க்கும் நேரில் கற்பித்தார்.

அவர் இட்ட விதையை மரமாக்கியவர் ஹன்னஸ் ஷ்னைடர். 1907இல், பதினேழு வயதில், செயின்ட் ஆன்டன் என்னும் மலையூரின் விடுதியொன்றில் ஸ்கீ பயிற்றுநராக அவர் அமர்ந்தார். முதல் உலகப் போருக்குப் பின் அவ்வூரில் பள்ளியொன்றை நிறுவினார். அவர் செய்தது என்ன? கற்பவரைத் திறத்துக்கேற்ப வகுப்புகளாகப் பிரித்தார். முதல் வகுப்பில், இரு ஸ்கீக்களின் முனைகளையும் கலப்பையின் கொழுப்போல் ஒன்றையொன்று நெருங்கவைத்து மெல்ல இறங்கும் பாடம். அதில் தேறியவர்க்குத் திரும்பும் பாடம். அதிலும் தேறியவர்க்கு விரைந்து செல்லும் பாடம். அரிச்சுவடி முடிந்தபின் ஆத்திசூடி என்னும் நம் திண்ணைப்பள்ளி முறையே இது. உலகெங்கும் உள்ள ஸ்கீ பள்ளிகள் இன்றும் இதனைப் பின்பற்றுகின்றன. 1938இல் இட்லரின் படை ஆஸ்திரியாவில் புகுந்தபோது, நாஜிகளை எதிர்த்து நின்ற இவ்வாசிரியர் சிறைப்பட்டார். 1939இல் அமெரிக்கா சென்று அங்கும் பள்ளி நடத்தினார். பகைவர் அவரை ஊரைவிட்டு அகற்றினரேயன்றி, அவர் வகுத்த முறையை அகற்ற இயலவில்லை.

ஆசிரியரும் முறையும் கிடைத்தன. கற்க வந்தவர் யாவர்? இங்கே வரலாறு நம் தமிழ்நாட்டைத் தொட்டுச் செல்கிறது. ஹென்றி லன் என்னும் ஆங்கிலேயர் 1887இல் சமயத் தொண்டராகவும் மருத்துவராகவும் சென்னைப் பகுதிக்கு வந்தார். 1888 ஏப்ரல் 18ஆம் நாள் அவருடைய மகன் ஆர்னால்டு லன் சென்னையில் பிறந்தார். விரைவில் தாயகம் திரும்பிய தந்தை, பின்னர் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இறங்கினார். அதுவரை ஆல்ப்ஸ் விடுதிகள் பல கோடையில் நிறைந்து, குளிர்காலத்தில் பூட்டிக் கிடந்தன. அவற்றைக் குளிர்காலத்திலும் திறக்கச் செய்தவர்களுள் ஹென்றி லன் குறிப்பிடத்தக்கவர். ஆனால் அவர் அமைத்த கழகம், உயர்குடியினர் பயிலும் பள்ளிகளைச் சேர்ந்தோர்க்கே உரியதாக இருந்தது. உறுப்பினர்க்கெனவே முழு விடுதிகள் ஒதுக்கப்பட்டன. எளியவர்க்கு அங்கே இடமில்லை.

மகன் ஆர்னால்டு, 1898இல், பத்து வயதில், பிரான்சின் ஷமோனியில் முதன்முதலாக ஸ்கீ பூட்டினார். 1909இல் மலையேற்றத்தில் விழுந்து, ஒரு கால் மற்றதினும் குட்டையாயிற்று. எனினும் அவர் ஓயவில்லை. 1922இல் சுவிட்சர்லாந்தின் மியூரன் என்னும் ஊரில், கொடிகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ‘ஸ்லாலம்’ பந்தயத்தை இன்றைய வடிவில் அமைத்தார். 1928இல் ஷ்னைடரோடு இணைந்து செயின்ட் ஆன்டனில் பெரும்பந்தயம் ஒன்றைத் தொடங்கினார். சரிவுப் பந்தயங்கள் 1936இல் ஒலிம்பிக்கில் முதன்முதல் இடம்பெற்றதற்கு அவருடைய அயராத வாதமே பெருங்காரணம். அவ்வொலிம்பிக் நடந்த இடம் ஜெர்மனி. வெண்பனியையே காணாத சென்னையில் பிறந்தவர் வெண்பனி விளையாட்டுக்கு விதி வகுத்தார் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

மூன்றாவது தேவை, மேலே ஏற்றிவிடும் பொறி. அக்காலத்தில் ஐந்து நிமிடம் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் ஏற வேண்டும். களைத்துப்போன மாணவன் ஒரு பாடத்தை ஒரு நாளில் எத்தனை முறை பயில இயலும்? 1934 டிசம்பரில், சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரில், பொறியாளர் எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம் அமைத்த இழுகயிற்றுப் பொறி இயங்கத் தொடங்கியது. சுழலும் கம்பியில் தொங்கும் கொக்கி, ஸ்கீயோடு நிற்பவரையே இழுத்து மேலே சேர்த்தது. கற்றதை ஒரே நாளில் பலமுறை செய்துபார்க்கும் வாய்ப்பு இதனால் பிறந்தது.

நான்காவது தேவைதான் கடினமானது. 1936இல் பிரான்சின் மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் இரண்டு வாரம் ஊதியத்தோடு விடுமுறை அளித்துச் சட்டம் செய்தது. விடுமுறை என்பது செல்வர்க்கே உரியது என்ற நிலை அசைந்தது. அதன்பின் ஒரு பள்ளி மருத்துவர் மேலும் ஓர் அடி வைத்தார். பாரிசை அடுத்த வான்வ் என்னும் ஊரில் பணியாற்றிய மேக்ஸ் பூரெஸ்தியே, காலையில் பாடம், பிற்பகலில் உடற்பயிற்சி என்ற முறையை 1950இல் சோதித்துப் பார்த்தார். 1953இல் ஒரு வகுப்பு முழுவதையும் அதன் ஆசிரியரோடு சவுவாப் பகுதியின் லா பெக்லா என்னும் மலையூருக்கு அனுப்பினார். பிள்ளைகள் காலையில் கணக்கும் இலக்கணமும் படித்தனர். பிற்பகலில் பனியில் சறுக்கினர். ‘பனி வகுப்பு’ என்று பெயர் பெற்ற அம்முறை நாடெங்கும் பரவிற்று. மலையைப் படத்தில் மட்டும் கண்டிருந்த தொழிலாளர் பிள்ளைகள் ஸ்கீ பூட்டி நின்றனர். என் நோக்கில், எந்தப் பந்தய வெற்றியினும் இது பெரிது. அண்மைக்காலத்தில் செலவு மிகுதியால் இவ்வகுப்புகள் குறைந்து வருகின்றன என்பது வருந்தத்தக்கது.

நம் நாட்டிலும் இக்கலை உண்டு. காஷ்மீரத்துக் குல்மார்க்கில் 1927இல் ஆங்கிலேய அதிகாரிகள் ஸ்கீ கழகம் அமைத்தனர். 1964இல் இன்ஸ்புருக்கிலும், 1968இல் பிரான்சின் கிரெனோபிளிலும் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெரமி புஜாகோவ்ஸ்கி இந்தியாவின் சார்பில் சறுக்கினார். 1988இல் கால்கரியில் ஷைலஜா குமார், குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண்மணி ஆனார். குல்மார்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஊரை ஒட்டிய புல்வெளிச் சரிவுகள் தொடக்கநிலையினர்க்கு ஏற்றவை. மேலேயுள்ள அபர்வாத் மலைச்சரிவு தேர்ந்தவர்க்கே உரியது.

ஆகவே, எந்த ஊர் என்று கேட்போர்க்கு நான் சொல்வது இது. ஊரின் புகழைக் கேளாதீர்கள். அங்கே தொடக்கநிலையினர்க்குத் தனி வகுப்பு உண்டா என்று கேளுங்கள். பிரான்சில் சரிவுகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று அடையாளம் இடுவர். பச்சை மிக எளிது, கறுப்பு மிகக் கடிது. பச்சைச் சரிவு மிகுந்த ஊரைத் தெரிந்தெடுங்கள். ஸ்கீயையும் காலணியையும் விலைக்கு வாங்காமல் வாடகைக்குப் பெறுங்கள். தலைக்கவசமும் விபத்துக் காப்பீடும் மறவாதீர்கள். பள்ளி விடுமுறை நாள்களில் கூட்டமும் கட்டணமும் மிகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஊரின் உயரத்தையும் கேளுங்கள். புவி வெப்பமடைவதால் தாழ்ந்த மலையூர்களில் பனி குறைந்து, சில நிலையங்கள் மூடப்பட்டுவிட்டன. உயர்ந்த குல்மார்க்கே 2024 ஜனவரியில் பனியின்றி வறண்டு கிடந்தது.

முதல் நாள் பலமுறை விழுவீர்கள். அதில் நாணத்தக்கது ஏதுமில்லை. விழுபவனுக்கும் இடம் வேண்டும் என்று கருதியே ஓர் ஆசிரியர் வகுப்புகளைப் பிரித்தார், ஒரு பொறியாளர் கயிறு கட்டினார், ஒரு மருத்துவர் பிள்ளைகளை மலைக்கு அனுப்பினார்.